லீ பஜாரிலிருந்து தெரியும் ரஷ்யா

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் விடிவதற்கு முன்பே லாரிகள் லீ பஜாருக்குள் பின்பக்கமாக நுழைந்து வரிசை கட்டிவிடுகின்றன. தார்ப்பாய் அவிழ்கிறது. துவரம்பருப்பும் அரிசியும் மிளகாய் வற்றலும் முதுகு மாறி முதுகு மண்டிக்குள் போகின்றன. சற்றுத் தள்ளி, மூலப்பிள்ளையார் கோயில் பக்கம் வெல்ல மண்டி. ஓமலூர், காமலாபுரம் பக்கத்து ஆலைகளில் காய்ச்சிய வெல்லம் சிப்பம் சிப்பமாக அடுக்கி ஏலத்துக்குக் காத்திருந்தது. மிளகாய் நெடியும் வெல்ல வாசனையும் கலந்த அந்தத் தெருக்களில் நான் தேடிக்கொண்டு போனது ஒரு பழைய சுமைதூக்கும் தொழிலாளியின் வீட்டை. அவரிடம் கேட்க வைத்திருந்த கேள்வி ரஷ்யாவைப் பற்றியது.

சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு அந்த மக்களின் மனம் என்ன ஆனது என்பதைப் பல வருடமாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க அதனுடன் ஒட்டிக்கொண்டே இன்னொரு கேள்வி வந்தது. அதே நம்பிக்கையை இங்கே, நம் ஊர்களில் சுமந்தவர்களுக்கு என்ன ஆனது? இதைக் கேட்கச் சேலத்தைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. சிறைக்குள் வைத்துக் கம்யூனிஸ்டுகளைச் சுட்ட ஊர் இது. பொதுத்துறை என்றால் என்னவென்று இரும்பாலையின் உருவத்தில் கண்ணால் பார்த்த ஊர். விலைக்கு விடப்பட்ட அந்த ஆலையின் வாசலில் தொழிலாளர்கள் திரண்டு நின்ற ஊரும் இதுதான்.

பெரியவர் வீடு வெள்ளிப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலிலேயே சிறு சுத்தியல்களின் சத்தம் கேட்கும். எண்பதைக் கடந்தவர். தோள்பட்டையில் காய்ப்பு இன்னும் மறையவில்லை. "வாங்க தோழர், உள்ள வாங்க" என்று அழைத்து, முதல் வேலையாக அலமாரியைத் திறந்து காட்டினார். தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் 'தாய்', முன்னேற்றப் பதிப்பகத்தின் கெட்டி அட்டைப் புத்தகங்கள், குழந்தைகளுக்கான வண்ணப் படக் கதைகள். பள்ளிக்கூடம் போகாதவர் அவர். சங்க அலுவலகத்தில் ராத்திரி உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வேன் ஊருக்குள் வரும் நாட்களில் பக்கத்தில் நின்று கூவிக் கூவிப் புத்தகம் விற்றிருக்கிறார். 'சோவியத் நாடு' பத்திரிகைக்குச் சந்தா சேர்த்திருக்கிறார். "படிச்சவங்க கொஞ்சம் பேருங்க. வழவழன்னு காகிதம் இருக்குதேன்னு பிள்ளைங்க நோட்டுக்கு அட்டை போட வாங்கினவங்கதான் ஜாஸ்தி. அட்டை போட்டாலும் அந்தப் படத்தப் பாக்குமே பிள்ளைங்க, பாக்கட்டும்னு குடுத்துருவேன்."

மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்த 1991 ஆகஸ்டைப் பற்றிக் கேட்டேன். சிற்றலை ரேடியோவில் பிபிசி தமிழோசையைச் சுற்றி நின்று கேட்டிருக்கிறார்கள். "டாங்கி வந்துருச்சுன்னாங்க. சரி, கட்சி மறுபடி கையில எடுத்துக்கிச்சுன்னு நெனச்சோம். மூணாவது நாளு எல்லாம் கலைஞ்சு போச்சு. அப்புறம் டிசம்பர்ல கோர்பசேவ் போயிட்டாரு, கொடியையும் எறக்கிட்டாங்க."

"மறுநாள் சங்கத்தில் என்ன பேசினீர்கள்?"

"கூலி பேசினோம்ங்க. மண்டிக்காரங்க ஒப்பந்தம் போடாம இழுத்துக்கிட்டு இருந்தாங்க."

அவருக்குத் துக்கம் இல்லாமல் இல்லை. வெகுநாள் அந்த அலமாரியைத் திறக்கவே பிடிக்கவில்லையாம். உடன் இருந்த சிலர் கட்சியை விட்டார்கள், சிலர் வேறு கட்சிக்குப் போனார்கள், ஒருவர் அரசியலே வேண்டாமென்று சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு குருசாமி ஆகிவிட்டார். இவ்வளவையும் சொன்னவர் தானாகவே இன்னொன்றையும் சொன்னார். "ஸ்டாலின் காலத்துல எத்தன பேரக் கொன்னாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. நான் வித்த புத்தகத்துல அதெல்லாம் போடலியே தோழர். அது எனக்கு இன்னும் ஆறல."

ரஷ்யாவில் நடந்தது இதைவிடச் சிக்கலானது. அங்கே மக்களுக்கு இரண்டு முறை ஏமாற்றம் நேர்ந்தது. இரண்டாவதுதான் இன்றைய அரசியலைச் செய்தது என்பது என் எண்ணம்.

முதல் ஏமாற்றம் நீண்ட காலமாகச் சேர்ந்தது. கடையில் வரிசை, பத்திரிகையில் பொய், 1986இல் செர்னோபில், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சவப்பெட்டிகள். 1991இல் கட்சி விழுந்தபோது அதைக் காப்பாற்ற யாரும் தெருவுக்கு வரவில்லை. வந்த கூட்டம் டாங்கிகளை எதிர்த்து வந்தது. அந்தக் கூட்டத்திடம் அப்போது இன்னொரு நம்பிக்கை இருந்தது. சுதந்திரமும் சந்தையும் வந்துவிட்டால் மேற்கு ஐரோப்பியர்போல நாமும் வாழ்வோம் என்று நம்பினார்கள்.

1992 ஜனவரி 2 அன்று விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அந்த ஒரே ஆண்டில் விலைகள் ஏறத்தாழ 26 மடங்கு உயர்ந்தன. ஆயுள் முழுக்க வங்கியில் சேர்த்த பணம் ஒரு மாதச் சாப்பாட்டுக்கு ஆகாத காசாயிற்று. அக்டோபரில் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 10,000 ரூபிள் முகமதிப்புள்ள பத்திரம் கொடுத்தார்கள். தொழிற்சாலைகள் இனி உங்களுடையவை, இது உங்கள் பங்கு என்றார்கள். தனியார்மயத்தை நடத்திய அனடோலி சுபாய்ஸ், ஒரு பத்திரம் ஒருநாள் இரண்டு வோல்கா கார்களின் மதிப்புக்கு வரும் என்றார். பலர் அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். 1995இல் அரசுக்குக் கடன் கொடுத்த வங்கிக்காரர்கள், அடமானம் என்ற பெயரில் நிக்கல் சுரங்கத்தையும் எண்ணெய் நிறுவனங்களையும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 1993 அக்டோபரில், ஜனநாயகத்தின் தலைவராக வந்த அதிபர் யெல்த்சின் தன் நாடாளுமன்றத்தின்மீதே பீரங்கி வைத்துச் சுட்டிருந்தார். தொழிலாளிக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. கண்ணாடி ஆலைக்குப் பேர்போன குஸ்-க்ருஸ்தால்னி ஊரில் சம்பளத்துக்குப் பதிலாகக் கண்ணாடிப் பாத்திரமே கொடுத்தார்கள். வாங்கியவர்கள் ரயில் நிற்கும் இடங்களில் நின்று அதை விற்றார்கள். 1980களின் நடுவில் 65ஐ நெருங்கியிருந்த ஆண்களின் சராசரி ஆயுள் 1994இல் 58க்கும் கீழே இறங்கியது. போர் நடக்காத ஒரு நாட்டில் இப்படி ஆவது அபூர்வம். குடி, மாரடைப்பு, தற்கொலை என்று காரணங்களைப் பட்டியலிடலாம். இனி எதற்காக வாழ்வது என்று தெரியாமல் போனதும் அந்தப் பட்டியலில் சேரும் என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவும் ஜனநாயகம் என்ற பெயரில் நடந்தது. ஆகவே அந்தப் பெயரும் அவர்களுக்குக் கசந்துபோயிற்று. 1996 தேர்தலின் முதல் சுற்றில் யெல்த்சினுக்கு 35 சதவீதம், கம்யூனிஸ்ட் வேட்பாளர் சுகானவுக்கு 32 சதவீதம். தொலைக்காட்சி முதலாளிகளும் புதுப் பணக்காரர்களும் யெல்த்சின் பக்கம் நின்று இரண்டாவது சுற்றில் கரையேற்றினார்கள். 1998 ஆகஸ்டில் அரசு கடனைத் திருப்பித் தர முடியாது என்று கைவிரித்தபோது, எஞ்சியிருந்த சேமிப்பும் போயிற்று. 1999 டிசம்பர் 31 அன்று அதிபர் பொறுப்புக்கு வந்த புதின் இந்த இரண்டு ஏமாற்றங்களையும் நன்றாகப் புரிந்துகொண்டவர். அடுத்த ஆண்டே சோவியத் தேசிய கீதத்தின் மெட்டைத் திரும்பக் கொண்டுவந்து, வரிகளை மட்டும் மாற்றினார். 2005இல் சோவியத் வீழ்ச்சியை நூற்றாண்டின் மாபெரும் புவிசார் அரசியல் பேரிடர் என்றார். சோவியத்தின் பெருமை, படை, வெற்றி விழா எல்லாம் திரும்பி வந்தன. சமத்துவம் மட்டும் வரவில்லை. 2018இல் லெவாடா மையம் நடத்திய கருத்துக்கணிப்பில் சோவியத் ஒன்றியம் சிதைந்ததற்கு வருந்துவதாக 66 சதவீதம் பேர் சொன்னார்கள். அவர்கள் எல்லோரும் கம்யூனிசத்தைத் திரும்பக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிலையான ஒரு வாழ்க்கையை, ஊர் உலகத்தில் தங்களுக்கு இருந்த மதிப்பைக் கேட்கிறார்கள். அதைத் தருவதாகச் சொன்ன ஆளிடம் அரசியலை ஒப்படைத்துவிட்டுப் பெரும்பாலோர் வீட்டுக்குள் போய்விட்டார்கள். அவர்களுடைய கோபத்தைவிட இந்த ஒதுங்கல்தான் ஆட்சிக்கு அதிகம் உதவியது.

ஒதுங்காமல் இருந்தவர்களும் உண்டு. 1998 கோடையில் சம்பளம் கேட்டு சுரங்கத் தொழிலாளர்கள் சைபீரிய ரயில் பாதையை மறித்தார்கள். மாஸ்கோவில் அரசு மாளிகைக்கு எதிரே பாலத்தில் உட்கார்ந்து தலைக்கவசத்தைத் தரையில் தட்டித் தட்டிச் சத்தம் எழுப்பினார்கள். ஆனால் அவர்கள் பின்னால் திரள ஒரு பெரிய அமைப்பு இல்லை. சோவியத் தொழிற்சங்கங்கள் எழுபது ஆண்டுகளும் நிர்வாகத்தின் கைதான். விடுமுறை இல்லத்துக்குச் சீட்டு தரும், பண்டிகைக்குப் பரிசு தரும், நிர்வாகத்தை எதிர்த்து நிற்காது. ஆலைகள் கைமாறிய நாளில் வாசலை மறித்து நிற்கத் தொழிலாளிக்குத் தனக்கென்று ஒரு சங்கம் இல்லை.

லீ பஜாரின் கூலிப் பேச்சு என் மனதில் இந்த இடத்தில்தான் வந்து ஒட்டியது. பெரியவரின் சங்கம் யாருடைய ஆட்சியையும் சார்ந்து பிறந்தது இல்லை. மாஸ்கோ விழுந்தாலும் மூட்டையின் கனம் குறையாது. கனம் குறையாதவரை கூலி பேச ஆள் வேண்டும்.

மறுநாள் அஸ்தம்பட்டி பக்கம் மத்திய சிறைக்குப் போனேன். உள்ளே போக முடியாது. உயரமான சுவரைச் சுற்றியிருக்கும் சாலையிலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். 1950 பிப்ரவரி 11 அன்று இதற்குள் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குடியரசு பிறந்து 16 நாள்தான் ஆகியிருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்று சென்னை மாநிலத்தில் இருந்த மலபாரிலிருந்து, நிலத்துக்கும் நெல்லுக்கும் போராடிச் சிறைக்கு வந்த விவசாயிகள். தமிழ்நாட்டுத் தோழர்களும் அவர்களோடு செத்தார்கள். தங்களை அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. ஆண்டுதோறும் அந்த நாளில் சேலத்தில் கொடியேற்றி அஞ்சலி செய்கிறார்கள்.

அந்தச் சுவரைப் பார்த்தபோது பெரியவரின் ஆறாத வருத்தம் நினைவுக்கு வந்தது. இங்கே சிறையில் கட்சிக்காரன் செத்தான். அங்கே 1937, 38 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 7 லட்சம் பேரைக் கட்சியின் அரசே சுட்டது. செத்தவர்களில் எத்தனையோ பேர் கட்சி உறுப்பினர்கள். ஒரே கொடிதான், ஒரு ஊரில் தியாகிகளின் உடல்மீது போர்த்தியிருக்கிறது, இன்னொரு நாட்டில் கொன்றவர்களின் மேசைமீது பறந்திருக்கிறது. இதை நேருக்கு நேர் பார்க்காமல் ரஷ்யாவைப் புரிந்துகொள்ள முடியாது. அங்கே அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. கொல்லப்பட்டவர்களின் பெயர்களைத் திரட்டிவந்த 'மெமோரியல்' அமைப்பை 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் கலைக்க உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு அதற்கு நோபல் அமைதிப் பரிசில் பங்கு கிடைத்தது. தீர்க்காத கணக்கின்மேல் பெருமையைக் கட்டும்போது அது சீக்கிரம் ஆயுதத்தைத் தேடும். உக்ரைனில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சேலத்தையும் நாமக்கல்லையும் சுற்றி வருகிறவர்கள் ஒரு குடும்பத்தின் கதையைத் தவறவிடக் கூடாது. திருச்செங்கோட்டுக்கு அருகே குமாரமங்கலம். அதன் ஜமீன்தார் பி. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். பின்னாளில், 1947-48இல், மாகாணத்தின் போலீஸ் இலாகா அவர் கையில். அந்த அரசு கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்டுகள். கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய மோகன் கட்சியில் பல காலம் இருந்துவிட்டு 1960களில் காங்கிரசுக்கு வந்தார். இந்திரா காந்தி அமைச்சரவையில் எஃகு, சுரங்கத்துறை அமைச்சராகி, 1973இல் டெல்லி விமான விபத்தில் இறந்தார். அவருடைய மகன் ரங்கராஜன் 1984 முதல் 1996 வரை சேலத்தின் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்தார். சோவியத் ஒன்றியம் கலைந்த 1991இல், இந்தியச் சந்தையைத் திறந்துவிட்ட நரசிம்ம ராவ் அரசில் அவர் இணை அமைச்சர். பிறகு பாரதிய ஜனதாவில் சேர்ந்து வாஜ்பாய் அரசில் மின்துறை அமைச்சரானார். ஜமீன், கம்யூனிசம், பொதுத்துறை, தாராளமயம், இந்துத்துவம் என்று ஒரு நூற்றாண்டு முழுதும் ஒரே வீட்டுக்குள் நடந்து முடிந்திருக்கிறது. யார் எந்தப் பக்கம் மாறினார்கள் என்று நையாண்டி செய்ய எனக்கு மனம் வரவில்லை. பார்வதி கிருஷ்ணன் கடைசிவரை கம்யூனிஸ்ட் கட்சியிலேயே இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரும்பாலைக்குப் பேருந்தில் போனேன். கஞ்சமலை இடப்பக்கம் கூடவே வந்தது. அந்த மலையின் இரும்புத் தாதுதான் இந்த ஆலை ஆசையின் தொடக்கம். 1967இல் முதலமைச்சர் அண்ணா 'எழுச்சி நாள்' நடத்திக் கேட்ட திட்டங்களில் இதுவும் ஒன்று. 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஆலை ஓடத் தொடங்கியது 1980களின் தொடக்கத்தில். தாதுவை உருக்கும் ஆலையாக இல்லாமல், துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலையாக வந்தது. நாணயத்துக்கான வில்லைகளும் இங்கே செய்தார்கள். நிலம் கொடுத்த ஊர்க்காரர்களுக்கு அது அரசாங்க வேலை, பிள்ளைக்குக் கல்லூரி, பெண்ணுக்குக் கல்யாணம்.

2019இல் மத்திய அரசு இந்த ஆலையை விற்க டெண்டர் விட்டது. வாசலுக்கு எதிரே டீக்கடையில் பேசிய ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் அந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது எழுந்து நின்றுவிட்டார். "கொடி கலரு யாரும் பாக்கலைங்க. எல்லாச் சங்கமும் ஒரே பந்தல்ல. வீட்டுப் பொம்பளைங்க, புள்ளைங்க எல்லாம் வந்துட்டாங்க." 2023இல் அந்த விற்பனை கைவிடப்பட்டது. போராட்டம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். வாங்க முன்வந்தவர்களுக்கும் ஆர்வம் இல்லாமல் போயிற்று. இருந்தாலும், அந்தப் பந்தலில் நின்றவர்களுக்கு ஆலை தங்கள் கையைவிட்டு யாருக்கும் தெரியாமல் போகவில்லை. குஸ்-க்ருஸ்தால்னியில் கண்ணாடித் தம்ளரோடு ரயிலுக்குக் காத்து நின்றவருக்கு அந்தப் பந்தல் கிடைக்கவில்லை. ஒரு நம்பிக்கை போய்விட்டால் மனிதன் எவ்வளவு ஆழத்துக்குப் போவான் என்பது, அந்த நாளில் அவன் பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதைப் பொறுத்தது. இந்தப் பயணத்தில் எனக்குத் தெளிந்தது இதுதான்.

ஆனால் செவ்வாய்ப்பேட்டைக்குத் திரும்பிய அன்று மாலை இந்தத் தெளிவு கொஞ்சம் கலங்கியது. பெரியவர் என்னைப் பக்கத்து வெள்ளிப் பட்டறைக்கு அழைத்துப் போனார். முன்னறையே பட்டறை. வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து, ஊதுகுழல் நெருப்பில் கொலுசுக் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நெருப்பு நாக்கு பட்டதும் பொடி உருகிக் கண்ணி இணையும். அடுத்த நொடியே இடுக்கி அடுத்த கண்ணிக்குப் போய்விடும். அவர் மனைவி சுவரோரம் சலங்கை கோத்துக்கொண்டிருந்தார். வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார், கொலுசை எடை போட்டு வாங்குவார். கூலி கிலோ கணக்கில். வெள்ளி விலை தாறுமாறாக ஏறும் மாதங்களில் ஆர்டர் வராது. இந்தப் பேட்டையிலும் சுற்று ஊர்களிலும் இப்படி ஆயிரக்கணக்கான வீடுகள். அவரவர் வீட்டுக்குள் அவரவர் நெருப்பு.

அரசியல் பேச்சு வந்தது. "யாரு வந்தா நமக்கென்னங்க?" என்றார், நிமிராமலே. "ஓட்டுப் போடறோம், போயிடறோம். ஒரே ஒரு ஆளு, கண்டிப்பான ஆளு வந்து எல்லாத்தையும் அடிச்சு ஒழுங்கு பண்ணுனாத்தான் நாடு உருப்படும்." மாஸ்கோவிலும் உரால் மலையோர ஊர்களிலும் இதே வாக்கியத்தை எத்தனையோ பேர் சொன்னதாகப் படித்திருக்கிறேன். அங்கே அதைச் சொல்ல வைக்க ஒரு பேரரசு இடிய வேண்டியிருந்தது. இங்கே கிலோ கூலியும் தனிமையும் போதுமாக இருந்தன. கம்யூனிசத்தை நம்பியே இராதவர் அவர். அதனால் ஏமாந்தவரும் இல்லை. ஆனாலும் வந்து சேர்ந்திருக்கும் இடம் அதேதான். மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒரு சங்கமும், இருநூறு அடி தள்ளிக் கொலுசு செய்கிறவருக்கு ஒன்றும் இல்லாமலும் ஒரே பேட்டை எப்படி இருக்க முடிகிறது என்பதை இங்குள்ள கட்சிகள், கம்யூனிஸ்டுகள் உட்பட, தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் நடக்கும் வேலைக்குச் சங்கம் கட்டுவது கடினம் என்ற பதில் எனக்குத் தெரியும். அந்தக் கடினத்துக்கு முன்னால் நின்றுவிட்டதன் விலையை ரஷ்யா கொடுத்துக்கொண்டிருக்கிறது.

நான் இதைக் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு முதன்முறையாக நிமிர்ந்து பெரியவரைப் பார்த்தார்.

"ஏனுங்க, சங்கம்னு வெச்சா வியாபாரி ஆர்டர் குடுப்பாரா?"

"குடுக்க மாட்டாரு கண்ணு" என்றார் பெரியவர். "எங்களையும் மொத மூணு மாசம் ஒரு மண்டிக்காரரும் உள்ள விடல." பிறகு சுவரோரம் இருந்த பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த மூன்று மாதமும் யார் வீட்டில் எப்படி அடுப்பெரிந்தது என்று ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார்.